லுக்ரேஷியாவின் அடுப்பு

எங்கள் ஊர் டீக்கடையில் பிஸ்கட் கண்ணாடி பாட்டிலுக்குள் இருக்கும். ஊர்ப் பிள்ளைகள் மூடியைத் திறந்து தாங்களே கைவிட்டு எடுத்துக்கொள்வார்கள். சேரிப் பிள்ளைகள் நாங்கள் காசைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கையை ஏந்தி நிற்க வேண்டும். கடைக்காரர் ஒரு முழ உயரத்திலிருந்து பிஸ்கட்டைப் போடுவார். பிடித்தால் உண்டு. கீழே விழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டுத் தின்ன வேண்டியதுதான். "ரெண்டு கையும் சேத்து ஏந்துடி, ஒத்தக் கையில புடிச்சா வுழுந்துடும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் ஆயா. நடக்கக் கற்றுக்கொடுப்பதுபோல, சோறு பிசையக் கற்றுக்கொடுப்பதுபோல, ஏந்தக் கற்றுக்கொடுத்தாள் கிழவி. இது ஏதோ வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 1990களின் கடைசி. விழுப்புரம் பக்கத்துக் கிராமம்.

இந்தக் கட்டுரை பிஸ்கட்டைப் பற்றியது. வரலாறு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாளே என்று தோழர்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் தீட்டு என்பது நம் உடம்பில் முதலில் வந்து இறங்கிய இடம் எது? குளத்துத் தண்ணீர், டீக்கடைக் குவளை, கல்யாணப் பந்தி. எல்லாம் வாய்க்குள் போகிற சங்கதி. யார் சமைத்ததை யார் தின்னலாம், யார் கையிலிருந்து யார் வாங்கலாம் என்ற கணக்கில்தான் இந்தச் சமூகம் சாதியைப் பழக்குகிறது. அப்படியிருக்க, அடுப்படியை விட்டுவிட்டு ஒடுக்கப்பட்டோர் வரலாறு எழுத முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் சொல்லப்போவது நம் நாட்டு அடுப்பு அல்ல. அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்துக்கு வடக்கே, கடற்பாறைகள் மேல் உட்கார்ந்திருக்கிற மார்பிள்ஹெட் என்ற மீன்பிடி ஊரில் எரிந்த அடுப்பு. அதில் சுட்டெடுத்த ஒரு பண்டம் இன்றைக்கும் அந்தப் பக்கத்து வீடுகளில் சுடப்படுகிறது. உள்ளங்கையைவிடப் பெரியது, தடிமனானது, கறுப்பும் சிவப்புமாய் இருப்பது. கடித்தால் நொறுங்காது; மெத்தென்று உள்வாங்கும். இஞ்சி நாக்கில் சுடும். கிராம்பும் சாதிக்காயும் மூக்கில் ஏறும். அதன் பெயர் 'ஜோ ஃப்ராகர்'.

ஜோ யார்? ஜோசப் பிரவுன். கறுப்பினத் தாய்க்கும் அமெரிக்கப் பூர்வகுடித் தந்தைக்கும் பிறந்தவர் என்று ஊர் வரலாறு சொல்கிறது. அடிமையாகப் பிறந்தார். பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போரில் சிப்பாயாக நின்றார். சுதந்திர மனிதராக மார்பிள்ஹெட்டில் குடியேறினார். அவருடைய மனைவி லுக்ரேஷியா. லுக்ரேஷியாவின் பெற்றோர் அதே ஊரில் ஒரு கப்பல் தளபதியிடம் அடிமைகளாக இருந்தவர்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1783இல் நீதிமன்றத் தீர்ப்புகளால் அடிமைமுறை சட்டத்தில் செல்லாததாகியது. அதற்குப் பின் 1790களில் இந்தத் தம்பதியர் ஊருக்கு ஒதுக்குப்புறமாக, ஒரு குளத்தங்கரை மேட்டில் வீடு வாங்கினார்கள். வீட்டையே சாராயக்கடையும் தின்பண்டக்கடையுமாக நடத்தினார்கள். மீன்பிடிக்கிறவர்களும் கப்பல்காரர்களும் அங்கே வந்து குடித்தார்கள், தின்றார்கள், ஆடினார்கள். ஜோசப் ஃபிடில் வாசித்தார் என்கிறார்கள். அந்த மேட்டுக்கே 'இஞ்சிரொட்டி மேடு' என்று பெயர். குளத்துக்கு 'கறுப்பு ஜோவின் குளம்' என்று பெயர்.

இப்போது ஒரு கேள்வி. பிஸ்கட்டைச் சுட்டது யார்? லுக்ரேஷியா. ஊரே அதைத்தான் சொல்கிறது. மாவு பிசைந்தவள், பாகு ஊற்றியவள், அடுப்பு முன்னால் வெந்தவள் அவள். ஆனால் பிஸ்கட்டின் பெயர் ஜோ. குளத்தின் பெயர் ஜோ. லுக்ரேஷியாவுக்கு மிஞ்சிய பெயர் 'ஆன்ட்டி கிரீஸ்'. ஆன்ட்டி என்றதும் பாசமாகக் கூப்பிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரச் சமூகம், கறுப்பினப் பெரியவர்களைத் திரு, திருமதி என்று அழைக்க மனசில்லாமல் கண்டுபிடித்த வழி அது. ஆணாக இருந்தால் அங்கிள், பெண்ணாக இருந்தால் ஆன்ட்டி. எங்கள் ஊரில் அறுபது வயது ஆயாவை ஆறு வயது ஊர்ப்பையன் "ஏய் கிழவி, இங்க வாடி" என்று கூப்பிடுவான். அங்கே உறவுப் பெயரை வைத்து மரியாதையைப் பறித்தார்கள். இங்கே ஒருமையை வைத்துப் பறிக்கிறார்கள். பறிப்பது ஒன்றுதான்.

ஜோ என்று பெயர் வந்ததிலும் இரண்டு பாரம் இருக்கிறது. ஆண் என்பதால் பண்டம் அவர் பெயருக்குப் போனது. கறுப்பர் என்பதால் அவரும் பாதிப் பெயரோடு, 'கறுப்பு ஜோ' என்ற அடையாளத்தோடு நின்றார். நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கியவர், 1834இல் இறக்கும்வரை ஊருக்குக் கறுப்பு ஜோதான். அவருக்கும் கீழே, பெயரே இல்லாத இடத்தில் லுக்ரேஷியா. தலித் பெண்களாகிய எங்களுக்கு இந்தப் படிக்கட்டை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

*

அந்த மாவுக்குள் என்னென்ன இருந்தது என்று பார்ப்போம். ஒவ்வொரு சாமானையும் தொட்டால் ஒரு வரலாறு ரத்தத்தோடு வருகிறது.

முதல் சாமான் பாகு. மொலாசஸ் என்கிறார்களே, அது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்தபின் வடிந்து மிஞ்சுகிற கறுப்புத் திரவம். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில், ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்ட மக்கள் இரவும் பகலும் காய்ச்சியது. வெள்ளைச் சர்க்கரை ஐரோப்பாவின் மேசைக்குப் போனது. மிஞ்சிய கறுப்புப் பாகு மலிவு விலையில் அமெரிக்கக் காலனிகளுக்கு வந்தது. பாஸ்டன் பக்கத்து ஆலைகள் அதை ரம் சாராயமாகக் காய்ச்சின. அந்த ரம்மில் ஒரு பகுதி ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், அங்கே அதற்கு மாற்றாக மனிதர்கள் வாங்கப்பட்டார்கள். வாங்கப்பட்டவர்கள் மறுபடி கரும்புத் தோட்டத்துக்கு. இந்தச் செக்கு சுற்றிச் சுற்றி வந்தது.

மார்பிள்ஹெட் மீனவர்கள் இந்தச் செக்கில் எங்கே இருந்தார்கள்? அவர்கள் பிடித்தது காட் என்ற மீன். உப்புப் போட்டுக் காயவைத்துக் கருவாடாக்குவார்கள். நல்ல கருவாடு ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போனது. உடைந்தது, உப்பு மிஞ்சிப்போனது, கெட்டுப்போக ஆரம்பித்தது, இதெல்லாம் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது, அடிமைகளுக்குத் தீனியாக. வணிகர்களின் கணக்கிலேயே அதற்குக் 'கழித்த மீன்' என்றுதான் பெயர். கழித்த மீனைத் தின்றவர்கள் காய்ச்சிய கழிவுப் பாகு, அதே கப்பலில் மார்பிள்ஹெட்டுக்குத் திரும்பி வந்தது. லுக்ரேஷியாவின் சட்டியில் விழுந்தது அந்தப் பாகு.

1733இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வெளிநாட்டுத் தீவுகளிலிருந்து வரும் பாகுக்குக் காலன் ஒன்றுக்கு 6 பென்ஸ் வரி போட்டது. வணிகர்கள் கள்ளக்கடத்தல் செய்து தப்பினார்கள். 1764இல் வரியை 3 பென்ஸாகக் குறைத்து, ஆனால் கறாராக வசூலிக்கக் கிளம்பியபோது காலனிகள் கொதித்தன. அமெரிக்க விடுதலைக்குப் பாகும் ஒரு முக்கியமான சேர்மானம் என்று பிற்காலத்தில் ஜான் ஆடம்ஸே எழுதினார். சரிதான். ஆனால் பாகுக்காக விடுதலை பேசியவர்கள் பாகு காய்ச்சியவர்களின் விடுதலையைப் பேசவில்லை. அந்தப் போரில் ஜோசப் பிரவுனும் நின்றார் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். நம் நாட்டு விடுதலைக் கதையிலும் இப்படி நின்றவர்கள் உண்டு. அவர்கள் பெயரில் குளம்கூட இல்லை.

இரண்டாவது சாமான் இஞ்சி. நம் பக்கத்து மண்ணின் பயிர். மலபாரிலிருந்து அரபு வணிகர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்ததை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் மேற்கிந்தியத் தீவுகளில் கொண்டுபோய் நட்டார்கள். அங்கேயும் அதைக் கிண்டி, கழுவி, தோல் சீவிக் காயவைத்தவை அடிமைக் கைகள். கூடவே ஆல்ஸ்பைஸ் என்கிற மிளகு போன்ற காய், ஜமைக்காவின் சொந்த மரத்தில் காய்ப்பது.

மூன்றாவது சாதிக்காய். பெயரிலேயே சாதி இருக்கிறது பாருங்கள். தமிழ் எம்.ஏ. படித்தவளல்லவா, அகராதியைப் புரட்டினேன். இந்தச் சாதி வேறு, அந்தச் சாதி வேறு என்கிறது அகராதி. ஒலி ஒற்றுமை மட்டும்தானாம். இருக்கட்டும். ஆனால் சாதிக்காயின் வரலாறு, அதன் பெயருக்கு ஏற்ற வரலாறுதான். அன்றைக்கு உலகத்திலேயே சாதிக்காய் விளைந்தது பாண்டா என்ற சின்னஞ்சிறு தீவுக்கூட்டத்தில் மட்டும். இன்றைய இந்தோனேசியாவில் இருக்கிறது. அந்த மக்கள் யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொண்டிருந்தார்கள். தனக்கு மட்டும்தான் விற்க வேண்டும் என்றது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1621இல் யான் பீட்டர்சோன் கூன் என்ற கம்பெனித் தலைவன் படையோடு இறங்கினான். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த தீவுகள் காலியாயின. கொல்லப்பட்டவர்கள் போக, பட்டினியில் செத்தவர்கள் போக, அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் போக, ஆயிரம் பேர் அளவில் மிஞ்சினார்கள். மரங்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. நிலத்தைத் துண்டுபோட்டு டச்சுக்காரர்களிடம் கொடுத்து, வேலை செய்ய வெளியிலிருந்து அடிமைகளை இறக்கினார்கள்.

அந்தக் கம்பெனிக்கு நம் கரையிலும் கோட்டை இருந்தது. பழவேற்காடு. 17ஆம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் வந்த காலங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மக்களை அடிமைகளாக வாங்கி, பத்தாவியாவுக்கும் மற்றக் கம்பெனித் தலங்களுக்கும் கப்பலேற்றியது டச்சுக் கம்பெனி. கடல் கடந்து சென்ற சோழனின் படகு நமக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கடல் கடத்தப்பட்ட கூலிகளின் படகு எந்தப் பாடத்தில் இருக்கிறது? பஞ்சம் வந்தால் ஒரு கிராமத்தில் முதலில் யார் வீட்டு அடுப்பு அணையும், யார் வீட்டுப் பிள்ளை முதலில் விலைக்குப் போகும் என்று உங்கள் ஆயாக்களைக் கேட்டுப்பாருங்கள்.

சிலர் இந்த மாவில் பட்டையும் சேர்ப்பார்கள். பட்டை என்றால் இலங்கை. அங்கே சலாகம என்ற சாதியின் தலையில் பட்டை உரிப்பதைக் கட்டாய ஊழியமாக வைத்திருந்தார்கள். போர்ச்சுகீசியர்களும் டச்சுக்காரர்களும் அந்தச் சாதி ஏற்பாட்டை ஒழிக்கவில்லை. இறுக்கிப் பிடித்து லாபம் பார்த்தார்கள். சாதி ஏதோ பழைய மூடநம்பிக்கை, நவீனம் வந்தால் தானாய்ப் போய்விடும் என்று நம்புகிற தோழர்கள் இந்தப் பட்டையைக் கொஞ்சம் மென்று பார்க்கலாம்.

*

சரி, இத்தனை வன்முறையும் கலந்த சாமான்களைக் கொண்டு லுக்ரேஷியா என்ன செய்தாள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

பொதுவாக இந்த பிஸ்கட்டுக்குச் சொல்லப்படுகிற பக்குவத்தில் முட்டை இல்லை, பால் இல்லை. இரண்டும் சீக்கிரம் கெடும். பாகு, கொழுப்பு, மாவு, வாசனைச் சாமான், ரம், உப்புத்தண்ணீர். கடல் தண்ணீரையே ஊற்றினாள் என்றும் சொல்வார்கள். பாகுக்கு ஒரு குணம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெள்ளைச் சர்க்கரை போட்ட பிஸ்கட் காய்ந்து மொறுமொறுப்பாகும் இடத்தில், பாகு போட்டது நாள் ஆக ஆக மெத்தென்று ஆகும். அதனால்தான் மாதக்கணக்கில் கடலில் கிடக்கிற மீனவர்கள் பீப்பாய்களில் அடைத்துக் கொண்டுபோனார்கள். பல் உடைக்கிற கப்பல் ரொட்டிக்கு நடுவே இது ஒரு ஆறுதல்.

மாவு உப்புவதற்கு இன்று நாம் போடுகிற சமையல் சோடா அன்றைக்குக் கடைச்சரக்கு இல்லை. அமெரிக்காவில் அதைப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியது 1846 வாக்கில். அதற்குமுன் மரச்சாம்பலைக் கரைத்துக் காய்ச்சிச் சுத்தப்படுத்திய 'பேர்ல் ஆஷ்' என்ற காரத்தைப் போடுவார்கள். 1796இல் அமெலியா சிம்மன்ஸ் என்ற, தன்னை 'ஓர் அமெரிக்க அநாதை' என்று அட்டையில் போட்டுக்கொண்ட பெண் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் அது அச்சாகியிருக்கிறது. டச்சு மொழிச் சொல்லிலிருந்து வந்த 'குக்கீ' என்ற பெயரும் அதில் இருக்கிறது. பாகின் புளிப்பும் சாம்பலின் காரமும் சேர்ந்தால் பொங்கும். அதுதான் மென்மையின் ரகசியம். நம் வண்ணார் மக்கள் அழுக்கெடுத்த சாம்பல்காரத்தின் இனம்தான் அது.

மிச்சம், கழிவு, சாம்பல், இவற்றை வைத்துக்கொண்டு மென்மையான ஒன்றைச் செய்வது எப்படி என்ற அறிவு அடிமைகளின் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கமாட்டேன். ஊர்க்காரன் எடுத்தது போக மிஞ்சிய குடலையும் ரத்தத்தையும் மணக்க மணக்கச் சமைத்த அம்மாக்களின் மகள் நான். எனக்குத் தெரியும். வேறு எதையும் அவன் மிச்சம் வைக்கவில்லை. இருந்ததைச் சமைத்தோம், ருசியாகச் சமைத்தோம்.

ஆனால் இந்த ஒப்புமையை ஓர் எல்லைக்கு மேல் இழுக்கக் கூடாது. இங்கேதான் அம்பேத்கரின் குரல் குறுக்கே வருகிறது. அடிமைமுறையையும் தீண்டாமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அவர், தீண்டாமையே கொடியது என்று வாதிட்டார். அமெரிக்க அடிமை எஜமானின் அடுக்களைக்குள் இருந்தாள். எஜமானின் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அவள் கை பிசைந்ததைத்தான் வெள்ளைக்காரன் தின்றான். அங்கே அடுப்படிக்குள் பூட்டினார்கள். இங்கே அடுப்படிக்கு வெளியே பூட்டினார்கள். நாற்று நட்ட கை தீட்டில்லை, களை பறித்த கை தீட்டில்லை, நெல்லை அவித்துக் குத்திக்கொடுத்த கையும் தீட்டில்லை. அந்த அரிசியை உலையில் போட்டால் மட்டும் தீட்டு. லுக்ரேஷியாவின் வீட்டுத் திண்ணையில் வெள்ளை மீனவன் உட்கார்ந்து தின்றான். என் ஆயா வீட்டில் ஊர்க்காரன் எவனும் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.

அதற்காக அங்கே பாலும் தேனும் ஓடியது என்று எழுதினால் அது பொய். அடுப்படிக்குள் பூட்டிய சமூகம், அடுப்படியில் நின்ற பெண்ணின் முகத்தையே விற்பனைப் பொருளாக்கியது. 1889இல் 'ஆன்ட்டி ஜெமைமா' என்று ஒரு மாவுப் பொட்டலம் வந்தது. தலையில் துணி கட்டிச் சிரிக்கிற கறுப்பினச் சமையல்காரி. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த வேடம் போட்டு நின்றவர் நான்சி கிரீன், அடிமையாகப் பிறந்தவர். எஜமானுக்குச் சமைப்பதே அவளுக்கு மகிழ்ச்சி என்று அந்தப் படம் வீடுவீடாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. கறுப்பின மக்களின் போராட்ட அலைக்குப் பிறகு 2020இல்தான் அந்தப் பெயரைக் கைவிடுவதாகக் கம்பெனி அறிவித்து, 2021இல் மாற்றியது. நூற்றி முப்பது வருஷம்.

*

இந்தப் பொய்க்கு மாற்றுச் சாட்சியம் இருக்கிறது. 1866இல் மிஷிகன் மாநிலத்தின் பா பா என்ற சிற்றூரில் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது. எழுதியவர் மலிண்டா ரசல். இதுவரை தெரிந்தவரை அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவர் வெளியிட்ட முதல் சமையல் புத்தகம் அது. டென்னசியில் சுதந்திரப் பெண்ணாகப் பிறந்தவர். பத்தொன்பது வயதில் லைபீரியாவுக்குப் போகக் கிளம்பி, வழியில் கூட்டாளி ஒருவனே பணத்தைத் திருடிக்கொண்டதால் நின்றுபோனார். சமைத்தார், துணி வெளுத்தார். கணவர் இறந்தார். ஊனமுற்ற மகனை வைத்துக்கொண்டு பலகாரக்கடை நடத்திக் காசு சேர்த்தார். 1864இல், உள்நாட்டுப் போருக்கு நடுவே, கொள்ளைக் கும்பல் ஒன்று அந்தக் காசையும் பிடுங்கிக்கொண்டது. ஊரைவிட்டு ஓடி வடக்கே வந்து, திரும்பிப்போகக் காசு சேர்ப்பதற்காக இந்தப் புத்தகத்தைப் போட்டார்.

புத்தகத்தின் முன்பகுதியில் இதையெல்லாம் தானே எழுதியிருக்கிறார். சமையல் குறிப்புக்கு முன்னால் தன் வாழ்க்கைச் சாட்சியம். தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஃபேனி ஸ்டூவர்ட் என்ற கறுப்பினச் சமையல்காரியின் பெயரையும் மறக்காமல் போட்டிருக்கிறார். லுக்ரேஷியாவுக்கு நடந்தது ஃபேனிக்கு நடக்க அவர் விடவில்லை. ஒரு பெயரை எழுதி வைப்பது எவ்வளவு பெரிய அரசியல் என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தப் புத்தகம் நூறு வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 2007இல்தான் மறுபதிப்பானது.

இன்னொரு பெண். ஜார்ஜியா கில்மோர். மாண்ட்கோமரி நகரம். 1955 டிசம்பர் 5 தொடங்கி 381 நாள் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். நமக்கு மார்ட்டின் லூதர் கிங் தெரியும், ரோசா பார்க்ஸ் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல் நடந்த போராட்டத்தில் வேலைக்குப் போகிற மக்களை ஏற்றிச்சென்ற வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டது யார்? ஜார்ஜியா கில்மோரும் அவருடைய தோழிகளும் வீட்டில் கேக்கும் பையும் சுட்டு, அழகு நிலையங்களிலும் சலவைக்கடைகளிலும் விற்றுப் பணம் சேர்த்தார்கள். சுட்டவர்களின் பெயர் வெளியே தெரிந்தால் வெள்ளைக்கார வீட்டு வேலை போய்விடும். அதனால் தங்கள் குழுவுக்கு 'எங்கிருந்துமில்லாச் சங்கம்' என்று பொருள்பட ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை. 1956இல் நீதிமன்றத்தில் துணிந்து சாட்சி சொன்ன ஜார்ஜியாவுக்குச் சமையல் வேலை போனது. தன் வீட்டு அடுக்களையையே உணவுக்கடையாக்கினார்.

லுக்ரேஷியாவின் பெயரைச் சமூகம் மறைத்தது. ஜார்ஜியாவின் தோழிகள் தங்கள் பெயரைத் தாங்களே மறைத்துக்கொண்டார்கள், போராட்டத்துக்காக. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் இரண்டையும் இன்று தேடி எடுத்து எழுத வேண்டிய கடமை ஒன்றே.

நமக்கும் அவர்களுக்கும் இழை புதிது அல்ல. 1873இல் 'குலாம்கிரி'யை எழுதிய ஜோதிராவ் புலே, அடிமை விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அங்கிருந்து எடுத்தார்கள். இந்த இழைகள் எல்லாம் ஆண்களின் பேனா வழியாக ஓடியவை. அடுப்பு வழியாக ஓடுகிற இழையும் ஒன்று இருக்கிறது என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

*

போன வருஷம் நான் இதை வீட்டில் சுட்டேன். ஓவன் கிடையாது. அடி கனமான அலுமினியக் குண்டானில் ரெண்டு விரல் உயரம் மணலைப் பரப்பி, நடுவில் ஒரு பிரிமனை வைத்து, மூடிபோட்டுக் கால் மணி நேரம் காயவிட்டேன். மொலாசஸ் நம் ஊரில் சாராய ஆலைக்குப் போகிற சரக்கு, கையில் கிடைக்காது. கரும்பு வெட்டப் போகிற சொந்தக்காரர் கொண்டுவந்த கறுத்த வெல்லம் 150 கிராம், கொஞ்சமாய்த் தண்ணீர் விட்டுக் கெட்டிப்பாகு காய்ச்சி ஆறவைத்தேன். 75 கிராம் வெண்ணெய். 250 கிராம் மைதா. சுக்குத்தூள் ஒன்றரை ஸ்பூன். கிராம்பு நாலு இடித்தது. சாதிக்காய் உரசியது ஒரு சிட்டிகை. அரை ஸ்பூன் உப்பை ரெண்டு ஸ்பூன் வெந்நீரில் கரைத்து, கடல்தண்ணிக்குப் பதில். சோடா அரை ஸ்பூன். வெல்லத்தில் மொலாசஸ் அளவுக்குப் புளிப்பு இல்லை, சோடா பொங்காது. அதனால் அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. ரம் ஊற்றவில்லை. எங்கள் தெருவில் சாராயம் தின்ற குடும்பங்கள் போதும்.

மாவு ஒட்டும். ஒட்டட்டும், மேலும் மாவு கொட்டக் கூடாது. மூடிவைத்து ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். காலையில் அரை விரல் தடிமனில் தட்டி, டம்ளர் வாயால் வெட்டி, நெய் தடவிய தட்டில் வைத்துக் குண்டானுக்குள் இறக்கினேன். பதினஞ்சு நிமிஷம். ஓரம் இறுகி நடு இன்னும் அமுங்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆறும்போது தானே நிற்கும். முழுசாய் வேகட்டும் என்று விட்டால் மறுநாள் கல்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஊரில் ஒரு பெரிய வீட்டில் இருபது வருஷம் மாட்டுக்கொட்டாய் கூட்டி, சாணி அள்ளிய அம்மா. அந்த வீட்டு அடுக்களை எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட அதுக்குத் தெரியாது. புகை வருகிற பக்கத்தை வைத்துத்தான் சொல்லும். ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, "அதிரசம் மாரிதான் இருக்குது. இஞ்சி தூக்கலு" என்றது. லுக்ரேஷியாவின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டது: "அந்தம்மா வூட்ல எல்லாரும் வந்து துன்னாங்களா? வெள்ளக்காரனுங்களுமா?"

"ஆமாம்மா."

"உக்காந்தா துன்னானுங்க?"

"உக்காந்துதான்."

அம்மா கேட்டது இவ்வளவுதான். அடிமைச் சந்தை பற்றியோ, விடுதலைப் போர் பற்றியோ கேட்கவில்லை. உட்கார்ந்து தின்றார்களா என்றுதான் கேட்டது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் அடுப்பிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அதுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏனென்றால் அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவினாசி பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் கூடி நின்றார்கள். அதிகாரிகள் அந்த அம்மாவை இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் எழுந்த பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. பிள்ளைகளின் தட்டில் சோறு போட அரசாங்கமே கொடுத்த வேலை அது. அந்தக் கை பட்டால் தீட்டு என்று 21ஆம் நூற்றாண்டிலும் சொல்கிற வாய்கள் இருக்கின்றன. 1969இல் ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைகள் கட்சி குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு போட ஆரம்பித்தது. பசிக்கு எதிரான வேலை அது. இங்கே நாம் பசியோடும் தீட்டோடும் ஒரே நேரத்தில் போராட வேண்டியிருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் படிப்பு வட்டத்துக்கு அந்த பிஸ்கட்டை ஒரு டின்னில் போட்டு எடுத்துப்போனேன். டின்னை நடுவில் வைத்து மூடியைத் திறந்துவிட்டேன். யாரும் யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் தாங்களே கைவிட்டு எடுத்துக்கொண்டார்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று நூலகத்தில் அலைகிறீர்கள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது உங்கள் அம்மா, ஆயா, அத்தை, சின்னம்மா சமைக்கிற ஒரு பண்டத்தின் பக்குவத்தை எழுதி வாருங்கள். அளவோடு எழுதுங்கள். யாரிடம் கற்றுக்கொண்டார்கள் என்று கேட்டு அந்தப் பெயரையும் எழுதுங்கள். அப்பா பெயரை, தெருப் பெயரை, சாதிப் பெயரைப் போட்டு மூடிவிடாதீர்கள். சமைத்தவளின் பெயரை முதல் வரியில் போடுங்கள். அதற்குக் கீழே சாமான்களை எழுதலாம்.